மலைச் சைக்கிளின் வயது

பிள்ளைக்கென்று பழைய 'மவுண்டன் பைக்' வாங்கப் போனால், விற்பவர் சொல்லும் வயதையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டியிலேயே சாட்சி உண்டு.

இந்த மலைச் சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1970களில் அங்கே மரின் வட்டார இளைஞர்கள், பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கினார்கள். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' விற்பனைக்கு வந்தது. ஆகவே, 1979இல் வாங்கிய ஸ்டம்ப்ஜம்ப்பர் என்று எவரேனும் சொன்னால், அது நடவாத காரியம்.

பெயிண்டையும் பெயர்த்தாளையும் மாற்றிவிடலாம். அக்காலத்து ஷிமானோ பாகங்களின் உட்புறத்தைத் துடைத்துப் பார்ப்போம். இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு: 'ஏ' 1976, 'பி' 1977, இப்படியே வந்தால் 'எச்' 1983. இரண்டாம் எழுத்து மாதம்: 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். 'எச்', 'சி' என்றிருந்தால் 1983 மார்ச்.

ஒரு பாகம் பிற்பாடு மாட்டியதாகவும் இருக்கலாம். பிரேக்கும் கியரும் ஒரே ஆண்டைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த ஆண்டின் விற்பனைப் பட்டியலோடு ஒப்பிட்டால் மாடலும் விளங்கும்.

ஒரு சாட்சியோடு நிற்காமல் பல சாட்சிகளை ஒப்பிடுவதுதான் வரலாறு படிக்கும் முறை. பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குவோம்.