பழையதைச் சுமப்பவர் யார்? டெபியனில் வரைகலைக் கருவித்தொகுப்புகளின் வரலாறு

கணினித் திரையில் தெரியும் பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி, உருள்பட்டை முதலியவற்றை ஒவ்வொரு நிரலரும் புதிதாக எழுதிக்கொண்டிராதபடி ஆயத்தமாக அளிக்கும் நிரல் நூலகம் வரைகலைக் கருவித்தொகுப்பு எனப்படும். லினக்ஸ் கருவையும் அதன்மீது இயங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் ஒன்றோடொன்று பொருந்தும் பொதிகளாகக் கட்டிப் பயனருக்கு அளிப்பது வழங்கல். கருவித்தொகுப்பின் புதிய பதிப்பு பழையதோடு பொருந்தாமற்போகும்போது, பழையதை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா வழங்கல்களுக்கும் உரியது. எனினும், 1993இல் இயன் மர்டாக் தொடங்கி, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் நடந்துவரும் டெபியனின் வரலாற்றில் இக்கேள்வியின் பல பக்கங்களையும் காண முடிகிறது.

யூனிக்ஸ் பணிநிலையங்களில் 1990களின் முற்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த மோடிஃப், கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய கருவித்தொகுப்பாக இருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் எழுதிய கிம்ப் என்ற படத்திருத்தி முதலில் மோடிஃபையே சார்ந்திருந்தது. அந்தச் சார்பிலிருந்து விடுபட அவர்கள் தாமே எழுதிய ஜிடிகே, 1998இல் 1.0 பதிப்பை எட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் நார்வேயில் ட்ரோல்டெக் நிறுவனம் 1995இல் வெளியிட்ட க்யூடியை அடிப்படையாகக் கொண்டு, மத்தியாஸ் எட்ரிச் 1996இல் கேடிஇ என்ற மேசைத்தளத் திட்டத்தைத் தொடங்கினார். க்யூடியின் உரிமம் அப்போது முழுமையான கட்டற்ற உரிமமாக இல்லாததால், ஜிடிகேயின்மீது கட்டப்பட்ட குனோம் திட்டம் அதற்கு மாற்றாக 1997இல் அறிவிக்கப்பட்டது. கேடிஇயின் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமமும் க்யூடியின் உரிமமும் ஒத்துப்போகவில்லை எனக் கூறி 1998 அக்டோபரில் டெபியன் கேடிஇயைத் தன் களஞ்சியத்திலிருந்து விலக்கியது. 2000 செப்டம்பரில் க்யூடி 2.2 ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தபின்னரே அது திரும்பிவர வழி பிறந்தது. ஒரு கருவித்தொகுப்பை ஏற்பதா விலக்குவதா என்பது டெபியனில் முதன்முதலில் உரிமத்தின் பெயரால் எழுந்த வினாவாகவே இருந்தது.

அடுத்த தலைமுறையில் அவ்வினா பதிப்பு எண்ணின் பெயரால் எழுந்தது. நூலகத்தின் செயற்கூறுகளை எந்த வடிவில் அழைப்பது, தரவுகளை நினைவகத்தில் எவ்வாறு அடுக்குவது என்பன போன்ற உடன்பாடுகளின் தொகுதி இரும இடைமுகம் எனப்படும். இது மாறினால், பழைய நூலகத்துக்காகத் தொகுக்கப்பட்ட மென்பொருள் புதியதோடு இயங்காது. 2002 மார்ச்சில் வெளியான ஜிடிகே 2.0 இவ்வுடன்பாட்டை முறித்தது, ஆனால் அம்முறிவு வீணானதன்று. பேங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகம் அதில்தான் இணைந்தது. 'கொ' என்பதில் ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும் உயிர்க்குறியை முறைப்படி அமைக்கவேண்டிய தமிழ் போன்ற எழுத்துமுறைகள் ஜிடிகே மென்பொருள்களில் யூனிகோடு வழியாகத் தோன்றுவதற்கு அதுவே வழிசெய்தது. பழைய பதிப்பைக் கைவிடத் தயங்கியவர்களுக்கும் புதியதை உடனே விரும்பியவர்களுக்கும் ஒருசேர இடமளிக்க, நூலகத்தின் பெயரிலேயே தலைமுறை எண்ணைப் பதித்து, இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது.

இவ்வழக்கம் கோப்புகளின் மோதலைத் தீர்த்ததே தவிர, பழைய நூலகத்தை யார் பேணுவது என்பதைத் தீர்க்கவில்லை. ஜிடிகே 1.2ஐ விட்டு நகராமலே வளர்ச்சி நின்றுபோன எக்ஸ்எம்எம்எஸ் என்ற இசைக்கருவி, பயனர் பலரின் விருப்பத்தையும் மீறிப் பல வழங்கல்களிலிருந்து நீக்கப்பட்டது; அதன் நிரலிலிருந்து கிளைத்து ஜிடிகே 2க்கு நகர்ந்த வழியிலேயே ஆடேஷியஸ் உருவானது.

க்யூடி 4 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2005இல் வந்த அத்தொகுப்பு, முந்தைய தலைமுறையிலிருந்து வருவோருக்காகவே க்யூடி 3க்கான ஆதரவுக் கூறு ஒன்றைத் தன்னுடன் கொண்டிருந்தது. 2012இல் வந்த க்யூடி 5 அக்கூறைக் கைவிட்டது. க்யூடி 4இன் கடைசிப் பதிப்பான 4.8.7, 2015 மே மாதத்தில் வெளிவர, அவ்வாண்டு டிசம்பரில் மூல ஆதரவு, அதாவது உருவாக்கியோர் அளித்துவந்த ஆதரவு, முடிந்தது. திரையில் வரைவதோடு வலையமைப்புக்கான கூறுகளையும் க்யூடி தன்னகத்தே கொண்டது. ஆகவே 2016இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகம் தன் இடைமுகத்தை 1.1 பதிப்பில் மாற்றியபோது, மூலத்தில் வளர்ச்சி நின்றுவிட்ட க்யூடி 4 அதனோடு பொருந்த இயலாமல் நின்றது. டெபியனின் 2019ஆம் ஆண்டு வெளியீடான பஸ்டரில் ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்புக்கு இடமில்லை. எனவே மூலத்திலிருந்து வராத திருத்தத்தை டெபியன் பராமரிப்பாளர்களே தம் பொதியில் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. பயனரின் பார்வையில் மாறாமல் நிற்கும் நூலகத்துக்குக்கூட, அதைச் சுற்றியுள்ள தொகுப்பி, மொழி, மறையாக்கம் ஆகியவை மாறும்போதெல்லாம் ஒருவர் வேலை செய்தாக வேண்டியிருந்தது.

ஆயினும் டெபியன் க்யூடி 4ஐ ஓரிரவில் அகற்றிவிடவில்லை. க்யூடி 4ஐச் சார்ந்த ஒவ்வொரு பொதியின்மீதும் வழு அறிக்கை பதியப்பட்டது. முதலில் அறிவுறுத்தலாக இருந்த அவ்வறிக்கைகள், பின்னர் அடுத்த வெளியீட்டில் பொதி இடம்பெறுவதையே தடுக்கும் தீவிரத்துக்கு உயர்த்தப்பட்டன. நகர்த்துவார் இல்லாத பொதிகள் உதிர்ந்தன. பஸ்டரில் இருந்த க்யூடி 4, 2021 ஆகஸ்டில் வந்த அடுத்த வெளியீடான புல்ஸ்ஐயில் இல்லை. மூல ஆதரவு முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விடைவெளியைத் தாமதம் என்று சொல்வதைவிட, மென்பொருள் ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்ட தவணை என்று சொல்வதே பொருந்தும்.

ஜிடிகே 2இன் போக்கு வேறாக அமைந்தது. 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வெளிவந்தபோது ஜிடிகே 2இன் வளர்ச்சி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டும், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஜிடிகே பிறப்பதற்கே காரணமான கிம்ப், 2011இல் வெளிவந்த ஜிடிகே 3க்கு நகர்ந்து தன் 3.0 பதிப்பை வெளியிட 2025 மார்ச் வரை ஆயிற்று என்பதிலிருந்தே அந்நீடிப்பின் காரணத்தை உணரலாம். சார்ந்திருப்போர் பலராக இருந்ததும், வரைவதற்கு அப்பால் வலையமைப்புப் பணிகளை அந்நூலகம் ஏற்காததால் பாதுகாப்புச் சுமை ஒப்பளவில் குறைந்ததும் அதன் ஆயுளை நீட்டின. அதே நூலகத்துக்கான பைதான் மொழி இணைப்பாகிய பைஜிடிகேயோ, பைதான் 2 விலக்கப்பட்ட அலையில் புல்ஸ்ஐக்கு முன்பே வெளியேறியது.

பழைய தோற்றத்தை விரும்பியோர் முன் இருவழிகள் இருந்தன. கேடிஇ 3.5ஐத் தொடர்ந்த டிரினிடி குழு, க்யூடி 3இன் வழிவந்த நூலகத்தையும் தானே ஏற்று, டெபியனுக்கு வெளியே தனக்கென ஒரு களஞ்சியம் நடத்துகிறது. குனோம் 2இலிருந்து 2011இல் கிளைத்த மாட்டே, பழைய மேசையமைப்பைக் காத்துக்கொண்டே 2017இல் முழுவதும் ஜிடிகே 3க்கு மாறி, டெபியனுக்குள்ளேயே நிலைபெற்றது. இரண்டிலும் பழையதை விரும்பியவர்களே அதற்கான உழைப்பையும் ஏற்றனர். டெபியன் கடந்துவந்த பாதையில் ஒரு கருவித்தொகுப்பின் வாழ்நாளை அதன் வயதோ பயனரின் பற்றோ மட்டும் தீர்மானித்ததில்லை. அடுத்த மாற்றத்துக்கேற்ப அதைத் திருத்த ஆள் இருக்கும்வரை அது நீடித்தது, அந்த ஆள் இல்லாதபோது, உரிய தவணைக்குப் பின், களஞ்சியத்தை விட்டு நீங்கியது.