மகப்பேற்றுப் பையில் ஒரு வரலாறு



பேறுகாலம் நெருங்கிய வீடுகளில் இன்று ஒரு பை ஆயத்தமாக இருக்கிறது. கைலி, மாற்றுடை, குழந்தைத் துணி என அதில் யாவும் அடங்கும். நம் பாட்டிமார் பலர் இப்படியொரு பையை அறிந்ததில்லை.

ஜொகூரில் குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் பல குழந்தைகள் லயத்து வீட்டிலேயே பிறந்தன. துவைத்து மடித்த பழைய பருத்திச் சேலையும் வெந்நீரும் காத்திருக்கும். மருத்துவச்சி வீடு தேடி வருவார். பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில், பிறப்பைப் பதிய வேண்டும் என்பது சில குடும்பங்களில் மறந்துபோனது.

அதன் விளைவு பின்னர்தான் தெரிந்தது. 1957 ஆகஸ்டு 31 முதல் மலாயாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் ஆயினர். 1962 அக்டோபர் முதல் பிறந்தோர்க்குப் பெற்றோரின் தகுதியும் தேவையாயிற்று. உரிமை இருந்தும், பிறப்பை மெய்ப்பிக்கச் சான்றிதழ் இல்லாதோர் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்தினர்.

இச்சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. முதலாம் ஆண்டுப் பதிவின்போது வெறுங்கையுடன் தயங்கி நிற்கும் தாயை ஆசிரியர்கள் கண்டிருப்பீர்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற, பதிவு பெறாத திருமணமும் ஒரு காரணம். தாய் குடிமகளாக இல்லாவிடில், தந்தைவழிக் குடியுரிமை அக்குழந்தைக்கு எளிதில் கிட்டுவதில்லை.

ஆகவே, திருமணத்தை முன்னதாகவே பதிந்துவிடுங்கள். பையில் துணிமணிகளுக்கு முன்பாக இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், தாய்நலப் பதிவேடு ஆகியவற்றை வையுங்கள். குழந்தையின் முதல் உடைமை அதன் பெயர் பொறித்த சான்றிதழே.