லயத்து நாயும் அந்நியரும்

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற துரை பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார்களின் பின்னே குடும்பம் குடும்பமாக மலையேறிய நம்மவருக்கு, துரைமார்கள் எழுதிவைத்த சரித்திரத்தில் அதிக இடம் கிடைத்ததில்லை; நம்மவர் வாசலில் படுத்திருந்த நாய்க்கோ அறவே இல்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ், சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள். விடியலில் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் பெரியவர்கள் போய்விட்டால், தேயிலைக் கொழுந்துக்காட்டிலிருந்து அவர்கள் திரும்பும்வரை வாசலைக் காப்பவர்கள் பெரும்பாலும் கிழவிகளும் குழந்தைகளும் நாய்களுமே. மலைக்குக் கீழே தேனிப் பக்கத்துக் கோம்பையில் பிரசித்தமான சாதி நாய்கள் உண்டென்றாலும், லயத்தில் வளர்ந்தவை பெரும்பாலும் குலம் கோத்திரம் கேட்கப்படாத நாட்டு நாய்கள். ஒரு வீட்டில் கஞ்சி, அடுத்த வீட்டில் எலும்பு, மூன்றாம் வீட்டுத் திண்ணையில் உறக்கம் என்று வாழ்ந்த அவை, பன்றியோ சிறுத்தையோ இறங்கினால் வரிசை முழுவதற்குமாகக் குரைத்தன. நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் பழகிய முகங்களையே பிற்காலத்தில் எளிதில் அச்சமின்றி ஏற்கும் என்று ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். லயத்துக் குட்டி அந்த வாரங்களில் அறிந்த உலகம் இருபது முப்பது முகங்களே. காக்கிச் சட்டைக்காரரும் தபால்காரரும் அதற்கு ஆயுள் முழுதும் அந்நியரே.

அப்படிப்பட்ட உலகம் முழுவதும் ஒரே இரவில் இல்லாமற்போனால் நாய்க்கு என்ன ஆகும் என்பதை மூணாறு அருகே உள்ள பெட்டிமுடி காட்டியது. 2020 ஆகஸ்டு 6 இரவு, பெருமழையில் மலை சரிந்து, நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த அவ்வூர் லயங்களை மூடியது. மீட்கப்பட்ட சடலங்கள் அறுபத்தாறு, கிடைக்காதவர் நால்வர். இறந்தவரில் மிகப் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பூர்வீகம். எட்டாம் நாள், கூவி என்ற நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் சடலம் கிடந்த இடத்தை, சரிவுக்கு வெகு தூரம் கீழே, ஆற்றோரம் நின்று காட்டிக்கொடுத்தது. அந்தச் செய்தியைத் தமிழிலும் மலையாளத்திலும் படிக்காதவர் குறைவு. அதற்குப் பின் நடந்ததோ அவ்வளவாகப் பேசப்படவில்லை: நாய் உணவைத் தொடாமல் சோர்ந்து கிடந்தபோது, இடுக்கி மாவட்டக் காவல்துறையின் மோப்பநாய்ப் பிரிவைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் அதைப் பரிவோடு அணுகி, அதிகாரிகளின் அனுமதி பெற்றுத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

1951-இல் சென்னை நகரக் காவல்துறை மோப்பநாய்ப் படையை நிறுவியதிலிருந்து, தென்னாட்டில் இந்த வித்தை, அந்நியனைப் பின்தொடர்ந்து பிடிக்க நாயைப் பழக்குவதாகவே வளர்ந்தது. கூவியிடம் அது தலைகீழாயிற்று: இங்கு அந்நியரே நாயின் நம்பிக்கையைப் பெற வேண்டியிருந்தது. அஞ்சிய நாயை வசப்படுத்துவதில் அனுபவசாலிகள் கையாளும் முறை ஒன்று உண்டு. நேரே சென்று நிற்பதும், கண்ணை உற்றுப் பார்ப்பதும், தலைக்கு மேல் கையை நீட்டுவதும் நமக்கு அன்பின் அறிகுறிகள், நாய்க்கோ அவை அச்சத்தின் காரணங்கள். ஆகையால் அவர்கள் பக்கவாட்டாகத் தரையில் அமர்ந்து, உணவைத் தூரத்தில் வீசிவிட்டு வேறெங்கோ பார்த்திருப்பார்கள். நாய் தானாக நெருங்கிய நாளில்தான் கையிலிருந்து ஊட்டுவார்கள். வருபவர்களையும் கூட்டமாக விடாமல், ஒருவர் ஒருவராக, நாய் பின்வாங்காத தூரத்தில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே ஒரு துண்டு உணவை எறியச் செய்வார்கள். நாய் வாலைக் கால்களுக்கிடையில் செருகினாலோ காதைப் பின்னுக்கு மடித்தாலோ அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. அவசரப்பட்டுத் தடவிய ஒரு கை, பல நாள் பரிச்சயத்தைக் கலைத்துவிடும். அந்தத் தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் நாயிடத்தில் மிகுந்த அபிமானம் உள்ளவர்களே என்பது வேடிக்கை.

2021 ஏப்ரலில், அந்தக் குழந்தையின் குடும்பத்தில் எஞ்சியிருந்த பாட்டி கூவியைத் தம்முடன் வைத்துக்கொள்ள விரும்பியதால், காவல்துறை அதை மூணாறுக்குத் திருப்பி அனுப்பியது. சடலத்தைக் கண்டறிந்த மூக்கைத் துறை இழந்துவிட்டதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. லயத்தில் நாய் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. அந்த வரிசையே மண்ணோடு போன பின்பு, அதை உரிமையோடு அழைக்க எஞ்சியிருந்த குரல்களுள் ஒன்று அந்தப் பாட்டியினுடையது.