பந்தியில் மிஞ்சியதே காடு

ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காடு என்றால் பால்மரக் காடுதான். விடியற்காலையில் "காட்டுக்குப் போகிறேன்" என்று புறப்படுவது மரம் சீவத்தான். அசல் காடோ, தொலைவில் நீலமாகத் தெரியும் மலைத்தொடரில் இருக்கிறது. அந்தக் காட்டை அரசாங்கம் எந்தக் கணக்கில் விட்டு வைத்தது என்ற கேள்வி தோட்ட மக்களிடையே அதிகம் எழுந்ததில்லை.

1900ஆம் ஆண்டில் பிரிட்டிஷார், இந்திய வனத்துறையின் எச்.சி.ஹில் என்பவரை வரவழைத்து மலாயாக் கூட்டு மாநிலங்களின் காடுகளை ஆராயச் செய்தனர். மறு ஆண்டே பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டோக் தலைமை வன அதிகாரியாக வந்தார். காப்புக்காடுகளுக்கு எல்லை போடும் வேலை தொடங்கியது. அதே காலத்தில்தான் ரப்பர் மோகமும் பிடித்தது. சமவெளியும் சிறு குன்றுகளும் தோட்டங்களுக்குப் போயின. செங்குத்து மலைகள் வனத்துறைக்கு மிஞ்சின. காட்டை வெட்டிச் சாய்த்ததில் சீனர், ஜாவானியர், மலாய்க்காரர் கைகளும் உண்டு. ஆனால் வெட்டிய நிலத்தைத் தோட்டமாக்கி, காய்ச்சலுக்கு உயிரையும் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1930இல் தியோடர் ஹப்பேக் தலைமையில் வனவிலங்கு ஆணையம் அமைந்தது. வேட்டைக்காரராக இருந்து விலங்குக் காவலராக மாறியவர் அவர். 1932இல் வந்த அதன் அறிக்கைக்குப் பிறகுதான், 1930களின் இறுதியில், இன்றைய தாமான் நெகாரா உருவானது. அது பகாங், கிளந்தான், திரெங்கானு எல்லைகளில் அமைந்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் அதற்கும் வெகுதூரம்.

விடுதலைக்குப் பின், 1960களில், பொருளாதாரத் திட்டப் பிரிவு தீபகற்பத்தின் நிலத்தை ஐந்து வகுப்புகளாகத் தரம் பிரித்தது. ஈயம் போன்ற கனிமம் கிடைக்கும் நிலம் முதல் வகுப்பு. பலவகைப் பயிர் விளைவது இரண்டாவது. சில பயிர்களுக்கு மட்டும் ஏற்றது மூன்றாவது. வெட்டி விற்கத்தக்க மரம் உள்ள காடு நான்காவது. இவை எதற்கும் உதவாத நிலம் ஐந்தாவது. அதுதான் பாதுகாப்புக் காட்டுக்கு! பந்தியில் எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, மிஞ்சியதைப் போட்ட கதைதான்.

சமவெளிக் காடு எப்படி இருந்தது என்பதற்கு ஜெலுபு மாவட்டத்துப் பாசோ காப்புக்காடு சாட்சி. அங்கே 50 ஹெக்டேரில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். இனங்கள் 800க்கும் அதிகம். அந்தக் காட்டை மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்திருக்கிறது.

1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், மாநில அரசு அரசிதழில் அறிவிக்கும் காட்டை 'நிரந்தரக் காப்புக்காடு' என்கிறது. நீர்ப்பிடிப்பு, வெள்ளத் தடுப்பு, வனவிலங்கு, மரம் வெட்டுதல் என அது வகைகளும் பிரிக்கிறது. ஆனால் நிரந்தரம் என்பது பெயரில்தான். அதைவிடக் கூடுதல் பொருளாதாரப் பயனுக்கு நிலம் தேவை என்று மாநிலம் கருதினால், 11ஆம் பிரிவின்கீழ் அதை விலக்கிவிடலாம். மக்களைக் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் முதலில் சொல்லவில்லை.

சிலாங்கூர் மட்டும் பொது விசாரணையை முன்னரே விதியாக்கியிருந்தது. அதன் பலன் 2020இல் தெரிந்தது. கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டில் ஏறக்குறைய 930 ஹெக்டேரை விலக்கும் அறிவிப்பு வந்ததும், சுமார் 45,000 ஆட்சேபங்கள் குவிந்தன. காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வகுடியினர் முன்னின்றனர். அப்படியும் 2021இல் ஒரு பகுதி விலக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, அதே ஆண்டு செப்டம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது.

2022இல் நாடாளுமன்றம் வனச் சட்டத்தைத் திருத்தியது. காட்டை விலக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும். ஈடாக வேறு நிலமும் காட்ட வேண்டும். எனினும் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஏற்றால்தான் அங்கே அது செல்லும்.

ரந்தாவ் பக்கம் ஓடும் லிங்கி ஆற்றுக்கு நீர், சிரம்பானுக்கு மேலுள்ள மலைகளிலிருந்து வருகிறது. தோட்டங்களே வீடமைப்புப் பகுதிகளாகும் காலத்தில், அடுத்த பார்வை மலைமீது விழாது என்று யார் சொல்ல முடியும்? விசாரணை அறிவிப்பு மலாய் மொழியில், குறுகிய கெடுவோடு வரும். அதைப் படித்து ஆட்சேபக் கடிதம் எழுதித்தர, தோட்டத்துக் கோயில் குழுவிலோ இளைஞர் மன்றத்திலோ ஒருவராவது வேண்டும்.