கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியும் இராமானுஜன் குடும்பமும்

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி 1864-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் (22 டிசம்பர் 1887 – 26 ஏப்ரல் 1920) 1898 முதல் 1904 வரை ஆறு ஆண்டுகள் இங்கே படித்தார். ஒரு பள்ளி தன் பழைய மாணவரைப் பெருமையுடன் நினைப்பது வழக்கம். பெரும்பாலும் அந்தப் பெருமை, மாணவர் பெயர் பெற்ற பிறகே வருகிறது. இந்தப் பள்ளி இராமானுஜனை உலகம் அறிவதற்கு முன்பே, 1904-இல் மேடையேற்றிப் பாராட்டியது. அந்தப் பாராட்டுக்குப் பின்னால் இருந்த குடும்பத்தையும், அதன் பிறகு அக்குடும்பம் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

குடும்பம்

இராமானுஜன் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடிச் சிறு தொகை பெற்றார். இராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட்டன. இராமானுஜனுக்கும் இரண்டு வயதில் அம்மை கண்டு, பிழைத்தார். தம்பிகள் இருவர் பின்னர் பிறந்தனர்.

வருமானம் போதாததால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்க வெளியூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். குடும்பச் செலவுக்காகச் செய்த இந்த ஏற்பாடு சிறுவனுக்குக் கல்வியாகவும் அமைந்தது. அந்த மாணவர்கள் அறிந்திருந்த கணிதத்தை எல்லாம் இராமானுஜன் அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். லோனி எழுதிய முக்கோணவியல் நூலை இரவல் வாங்கி, 13 வயதுக்குள் தேர்ந்துவிட்டார்.

பள்ளியில் ஆறு ஆண்டுகள்

இராமானுஜன் முதலில் படித்தது காங்கேயன் தொடக்கப் பள்ளி. 1897 நவம்பரில் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். இதனால் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பாதிக் கட்டணச் சலுகை கிடைத்தது. 20 ரூபாய்ச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது பெரிய உதவி.

எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் ஒருநாள் விளக்கினாராம். மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. அப்படியானால் பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் பங்கிட்டால் ஒன்று கிடைக்குமா என்று இராமானுஜன் எழுந்து கேட்டதாகச் சொல்வார்கள். இப்படிக் கேட்கும் மாணவனை உட்காரச் சொல்லி அதட்டும் வகுப்புகளும் உண்டு. இந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அவனைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் பள்ளியின் கால அட்டவணை போடும் வேலையை இராமானுஜனிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 1200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். ஒரே மணியில் ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்புக்குப் போகும்படி ஆகக்கூடாது. எந்த வகுப்பும் ஆசிரியர் இல்லாமல் இருக்கக்கூடாது. கால அட்டவணை போட்டுப் பழகிய ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு தலைவலி பிடித்த வேலை என்பது தெரியும். அதை ஒரு மாணவனை நம்பிக் கொடுத்தார்கள். கணிதத் தேர்வுகளையோ அவர் கொடுத்த நேரத்தில் பாதியிலேயே முடித்துவிடுவார்.

எல்லாம் வெற்றியாகவே இருக்கவில்லை. முக்கோணவியலுக்கும் அடுக்குக்குறிச் சார்புக்கும் உள்ள உறவை இராமானுஜன் தாமாகவே கண்டறிந்தார். அதை ஆய்லர் என்ற அறிஞர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்ததும், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார். 1903-இல் கார் என்பவர் தொகுத்த நூல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 5000 கணித முடிவுகளைச் சுருக்கமாக, பெரும்பாலும் நிறுவல் இல்லாமல் தரும் நூல் அது. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்ப்பதில் மூழ்கினார். காகிதம் விலை அதிகம். எனவே சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார்.

1904 பரிசளிப்பு

1904-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசு இராமானுஜனுக்கு வழங்கப்பட்டது. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரை அவையினருக்கு அறிமுகப்படுத்துகையில், முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்க வழியிருந்தால் அதைப் பெறத் தகுந்தவர் இவர் என்ற பொருளில் பேசினார். அப்போது இராமானுஜனுக்கு வயது 16. ஒரு கட்டுரைகூட அச்சில் வந்திருக்கவில்லை. அளவுகோலில் அடங்காத ஒரு பிள்ளை என்பதைத் தினமும் பார்த்த ஆசிரியர்களே சொன்னார்கள். இராமானுஜனுக்குப் பொது மேடையில் கிடைத்த முதல் பெரிய மரியாதை இதுவே.

கல்லூரிக் கட்டணம் 32 ரூபாய்

உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். எஃப்.ஏ. என்பது பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு. கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தேறாததால் உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக்குக் கல்விக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். கோமளத்தம்மாள் நேரில் சென்று கல்லூரி முதல்வரிடம் முறையிட்டார். விதியை மாற்ற இயலாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

1905 ஆகஸ்டில் இராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். மகனைக் காணவில்லை என்று அக்குடும்பம் தந்த அறிவிப்பு 1905 செப்டம்பர் 2-ஆம் நாள் 'தி இந்து' நாளிதழில் வெளிவந்தது. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறினார். 1909-இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. வேலை தேடி அலைந்து, 1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்றும் சாதாரணப் பள்ளிப் படிப்பை முடித்தவர் என்றும் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹார்டியின் மேசைக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளில், இராமானுஜன் முறையாக முடித்திருந்த படிப்பு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு ஒன்றுதான்.

குடும்பத்துக்குச் சேர்ந்தது என்ன?

1914 மார்ச் 17-ஆம் நாள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்குச் செல்லும்படி ஏற்பாடாகியது. 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1919-இல் நோயுடன் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் காலமானார்.

அப்போது ஜானகி அம்மாளுக்கு வயது 21. தையல் கற்றுக்கொண்டு, சென்னைத் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் பல்கலைக்கழகம் தந்த சிறிய ஓய்வூதியத்தைக் கொண்டும் வாழ்ந்தார். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்கள், அந்தச் சிலை எங்கே என்று முதிய வயதில் பேட்டி ஒன்றில் கேட்டார். இதை அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கி, உலகெங்கும் உள்ள கணித அறிஞர்களிடம் பணம் திரட்டினார். பால் கிரான்லண்டு என்ற சிற்பி வடித்த வெண்கல மார்பளவுச் சிலை 1985-இல் ஜானகி அம்மாளிடம் சேர்ந்தது. 1994-இல் அவர் மறைந்தார்.

சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் நினைவில்லமாகப் பராமரிக்கிறது. 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டிசம்பர் 22 தேசியக் கணித நாள் என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது.

அவர் கேட்டுக்கொண்ட மரியாதை

நான் பணியாற்றிய காலத்தில் பள்ளி ஆண்டு மலர்களைத் தொகுத்ததுண்டு. பழைய மாணவர் பட்டியலில் பெயரும் பதவியும் மட்டும் இருக்கும். கட்டணம் கட்டிய தந்தை, முதல்வர் அறை வாசலில் நின்ற தாய், அட்டவணை வேலையை நம்பிக் கொடுத்த ஆசிரியர் ஆகியோருக்கு அதில் ஒரு வரிகூட இராது. தங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்றை எழுத விரும்பும் மாணவர்கள் அந்த வரியையும் தேடி எழுத வேண்டும். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடும் பரிசளிப்பு விழா அறிக்கைகளும் ஊரிலுள்ள முதியவர்களின் நினைவும் இதற்கு உதவும்.

இராமானுஜனை எப்படி நினைவுகூர்வது என்பதற்கு அவர் எழுதிய ஒரு கடிதமே வழிகாட்டுகிறது. 1919 ஜனவரியில், இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. அந்தத் தொகை தமக்கு அதிகம் என்று கருதிய அவர், தம் செலவும் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கிக் கொடுக்கவும் பயன்படுத்துமாறு பதிவாளருக்கு எழுதினார். பாதிக் கட்டணச் சலுகையில் பள்ளிப் படிப்பை முடித்து, 32 ரூபாய் கட்ட முடியாமல் கல்லூரியை விட்ட மாணவர் கேட்டுக்கொண்டது அது.