மாதிரி டீசல் எஞ்சின்கள்: கொங்கு நாடு

ஓடும் ரயில் எஞ்சின் ஒன்றை, அதன் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறுக்கி, கைப்பிடிக் கம்பி, காற்றுக்குழாய், விளக்கு, எண் பலகை வரை விட்டுவிடாமல் செய்து, சிறு தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓட்டுவது மாதிரி ரயில் கலை. பொம்மை ரயிலும் ஓடும்; ஆனால் அதற்கு விகிதம் கிடையாது. அலமாரியில் நிறுத்தி வைக்க மட்டும் செய்யப்படும் உருவங்கள் அலங்காரப் பொருள்கள். ஓடும் மாதிரிகளைப் பற்றியதே இக்கட்டுரை. டீசல் எஞ்சின்களின் மாதிரிகளைச் சேர்ப்பதும் ஓட்டுவதும் இக்கலையின் ஒரு கிளை. ஈரோட்டில் எஞ்சின்களைப் பராமரிக்கும் டீசல் ஷெட், குன்னூருக்கு மேலே மலை ரயிலில் மீட்டர் கேஜ் டீசல், இரண்டுக்கும் நடுவே கோவையின் பட்டறைகள் என்று அமைந்த கொங்கு நாடு இந்தக் கிளைக்கு வேண்டியதையெல்லாம் தன்னிடமே வைத்திருக்கிறது.

விகிதமும் பாதை அகலமும்

ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891ல் பொம்மை ரயில் பாதைகளின் அகலத்துக்கு எண்கள் கொடுத்து ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன் ஒரு கடையில் வாங்கிய பெட்டி இன்னொரு கடையின் தண்டவாளத்தில் ஏறாது. அந்த வரிசையில் பிறகு வந்து சேர்ந்த ‘ஓ’ அளவின் பாதை 32 மி.மீ. அதில் பாதி என்ற பொருளில் ‘எச்.ஓ.’ பிறந்தது: பாதை 16.5 மி.மீ., விகிதம் 1:87. 1935ல் மெர்க்லினும் டிரிக்ஸ் நிறுவனமும் மேசைமேல் வைத்து ஓட்டும் ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் இதுவே உலகில் பரவலான அளவாயிற்று. பிரிட்டனில் எஞ்சின்களின் உடல் சிறியது. அக்கால மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே தண்டவாளத்தை 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டு, உடலை மட்டும் 1:76 என்று பெரிதாக்கினார்கள், அது ‘ஓஓ’. 1960களில் 9 மி.மீ. பாதையுடன் 1:160 விகிதத்தில் ‘என்’ அளவு வந்தது. எச்.ஓ.வுக்கும் ‘என்’ அளவுக்கும் இடையில் 12 மி.மீ. பாதையுடன் 1:120 விகிதத்தில் ‘டிடி’ நிற்கிறது.

இவை எல்லாம் 1435 மி.மீ. பாதையுள்ள ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த கணக்கு. நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5. ஆக, இந்திய எஞ்சினின் உடலைச் சரியான விகிதத்தில் செய்து எச்.ஓ. பாதையில் நிறுத்தினால், உடலுக்குக் கீழே சக்கரங்கள் ஏறத்தாழ 3 மி.மீ. ஒடுங்கியிருக்கும். ஓஓவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 22 மி.மீ. வேண்டிய இடத்தில் அதே 16.5. ‘என்’ அளவில் வேண்டியது 10.5, கிடைப்பது 9. தண்டவாளத்தை வைத்தே விகிதத்தைத் திருப்பிக் கணக்கிட்டால் எச்.ஓ. பாதைக்கு 1:101.6 வரும். அந்த விகிதத்தில் எஞ்சின் செய்யலாம். ஆனால் பக்கத்தில் வைக்க மனிதர், லாரி, சிக்னல் எதுவும் அந்த அளவில் கடையில் கிடைக்காது. 19.3 மி.மீ. பாதையைக் கையால் போடுவதற்கு வாதாடுவோர் உண்டு. ஒவ்வொரு பாதை மாற்றியையும் தானே வெட்டி, ஒவ்வொரு அச்சையும் தானே கடைந்தெடுக்க வேண்டும் என்பதால் அப்படித் தொடங்குபவருக்கு ரயில் ஓட்டும் நாள் எளிதில் வராது. 1:87 உடல், 16.5 பாதை என்பதே இந்திய மாதிரிகளுக்கு ஏற்ற வழி. பக்கவாட்டில் பார்க்கையில் ஒடுக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மீட்டர் கேஜில் நிலைமை தலைகீழ். 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5, டிடி பாதையின் 12 மி.மீ. ஏறக்குறைய அதுவே. ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக ‘எச்.ஓ.எம்.’ என்ற பெயரில் இந்த 12 மி.மீ. தண்டவாளம் ஆயத்தமாக விற்கிறது. அகலப் பாதையை நாடுபவருக்குக் கிட்டாத துல்லியம், பழைய பொள்ளாச்சி, பழனிப் பாதைகளையும் நீலகிரியையும் செய்பவருக்குத் தண்டவாளத்தோடு சேர்ந்தே கிடைக்கிறது. இந்த நல்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

மாதிரிக்கு உரிய எஞ்சின்கள்

இந்திய எஞ்சின் வகைப்பெயரின் முதலெழுத்து பாதையைச் சொல்லும்: டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ். இரண்டாவது எழுத்து டி எனில் டீசல். மூன்றாவது வேலை: எம் கலப்பு, பி பயணிகள், ஜி சரக்கு, எஸ் ஷண்டிங். பின்னால் வரும் எண்ணும் எழுத்தும், 2002க்குப் பிந்தைய முறைப்படி, குதிரைத் திறனைக் குறிக்கும். 3ஏ என்றால் 3100; பழைய வகைகளின் எண்ணுக்கு இது பொருந்தாது.

சேகரிப்பாளர் தொடங்க வேண்டியது டபிள்யூ.டி.எம்.2. 1962ல் இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் 2600 குதிரைத் திறன் எஞ்சின்கள் இந்தியாவில் எதிரெதிரே நின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சினுக்கு டபிள்யூ.டி.எம்.4 என்று பெயர்; ஆல்கோவின் எஞ்சின் டபிள்யூ.டி.எம்.2. தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தர ஆல்கோ முன்வந்ததால் அதுவே நிலைத்தது. 1964 ஜனவரியில் வாராணசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் செய்த முதல் எஞ்சினை லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அமெரிக்காவில் ஆல்கோ 1969ல் எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. வாராணசியில் அதன் பரம்பரை அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. டபிள்யூ.டி.எம்.3ஏ, 3டி, சரக்குக்கான டபிள்யூ.டி.ஜி.3ஏ எல்லாம் அதே பதினாறு சிலிண்டர் ஆல்கோ 251 எஞ்சினின் வாரிசுகள். 1960களிலிருந்து ஈரோடு ஷெட் வளர்த்தது இந்தக் குடும்பத்தைத்தான். 1977ல் ஓடத் தொடங்கிய கோவை எக்ஸ்பிரஸும், நீலகிரி எக்ஸ்பிரஸும் 1990களில் பாதை மின்மயமாகும்வரை டீசலின் பின்னால்தான் ஓடின. அந்தக் காலத்துக் கொங்கு நாட்டை மேசைமேல் கொண்டுவர நினைப்பவர் மின்கம்பி போட வேண்டியதில்லை. பெரிய வேலை மிச்சம்.

டபிள்யூ.டி.எம்.2வின் நீளம், பஃபர்களோடு சேர்த்து, 17.12 மீட்டர். எச்.ஓ.வில் இது 197 மி.மீ.; ‘என்’ அளவில் 107. 1092 மி.மீ. சக்கரம் எச்.ஓ.வில் 12.5 மி.மீ. ஆகும். புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது சக்கர அச்சுகளைத் தாங்கும் போகியில்தான். ஆல்கோவின் மூன்று அச்சுப் போகியில் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் சமமல்ல. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆறு அச்சு அமெரிக்க மாதிரிகள் பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் வகை. அவற்றின் அடிச்சட்டத்தை அப்படியே மாட்டினால் முகம் ஆல்கோவாகவும் கால் வேறாகவும் இருக்கும். ஆல்கோவின் ஆர்.எஸ்.டி. வகை மாதிரிகளின் அடிச்சட்டம் இதற்கு நெருங்கி வரும்.

1999ல் வந்த டபிள்யூ.டி.ஜி.4, 2001ல் வந்த டபிள்யூ.டி.பி.4 ஆகியவை 4000 குதிரைத் திறன் கொண்டவை. வலிமையில் ஆல்கோவை விஞ்சியவை. உருவ அழகில் அவற்றுக்கு அந்த இடம் இல்லை.

மீட்டர் கேஜில் ஒரே நாயகன் ஒய்.டி.எம்.4. 1961ல் அறிமுகமான, 1400 குதிரைத் திறன் கொண்ட ஆல்கோ இது. குன்னூர் முதல் உதகை வரை மலை ரயிலை இழுப்பது இதுதான். மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. அங்கே நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த மலை ரயிலின் மேல் பாதியை மட்டும் மாதிரியாக்கினால் பல்சக்கரத் தொல்லையே இல்லை: டீசல் எஞ்சின், சில பெட்டிகள், யூக்கலிப்டஸ் மரங்கள் போதும்.

செய்முறை

இந்திய டீசல் மாதிரிகள் பெரும்பாலும் வெளிநாட்டு அடிச்சட்டத்தின் மேல் உள்ளூர் உடலாகவே வாழ்கின்றன. முன்பு பிளாஸ்டிக் தகடு, பித்தளைத் தகடு. இப்போது முப்பரிமாண அச்சில் எடுத்த பிசின் உடல். கோவைக்கு இதில் ஒரு தனிப்பலம் உண்டு. பம்பு செட்டும் மோட்டாரும் பஞ்சாலை எந்திரமும் செய்யும் ஊரில் ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மர உருவம்) செய்பவர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப அளவுகோலையே மாற்றி மரம் செதுக்கும் கை அவர்களுடையது. விகிதம் என்பதை அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. லேத்துப் பட்டறையில் 12.5 மி.மீ. சக்கரம் கடைவதும் பெரிய காரியமல்ல. பணம் கொடுத்து இறக்குமதி செய்யும் பல உதிரிகளைக் கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ செய்து வாங்க முடியும்.

ஓட்டுதல்

பழைய முறையில் தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் பாயும். மின்னழுத்தம் கூட்டினால் வேகம். முனைகளை மாற்றினால் பின்னோட்டம். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட இதில் வழியில்லை. 1990களில் அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம் தரப்படுத்திய டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை இதைத் தீர்த்தது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதோடு கட்டளையும் சேர்ந்து போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். விளக்கு, ஹாரன், எஞ்சின் சத்தம் எல்லாம் இதன் வழியாகவே வரும்.

டீசல் மாதிரிக்கு உயிர் சத்தம். ஆல்கோ 251 நான்கு வீச்சு எஞ்சின். நின்றபடி உறுமும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்துக் கேட்கும். டபிள்யூ.டி.ஜி.4இன் எஞ்சின் இரண்டு வீச்சு. அதில் சத்தம் இழையாக ஓடும். ஒன்றின் ஒலிப்பதிவை மற்றதில் ஏற்றினால் ஈரோட்டுச் சந்திப்பில் ஒரு நாள் நின்றவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். வேகத்திலும் விகிதம் உண்டு: நிஜத்தில் மணிக்கு 100 கி.மீ. என்பது எச்.ஓ.வில் நொடிக்கு 32 செ.மீ. இதற்கு மேல் ஓட்டினால் மாதிரி மறுபடி பொம்மையாகிவிடும். பெட்டிகளின் எடையும் முக்கியம். 21.3 மீட்டர் ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் 245 மி.மீ.; அது 165 கிராம் அளவுக்கு இருந்தால் வளைவில் தடம் புரளாது. ஆறு அச்சு எஞ்சின் தடையின்றித் திரும்ப 60 செ.மீ. ஆரமுள்ள வளைவு வேண்டும்.

ஈரோட்டிலிருந்து கோவை ஏறத்தாழ 100 கி.மீ. அதை எச்.ஓ.வில் முழுதாகச் செய்ய 1,150 மீட்டர் தண்டவாளம் வேண்டும் என்பதால் யாரும் சுருக்கித்தான் செய்ய முடியும். எதைச் சுருக்குவது என்பதற்குக் கோவையே விடை சொல்கிறது. 1862ல் போத்தனூர் வழியாகச் சென்ற சென்னை–பேப்பூர் முதன்மைப் பாதை கோவை நகரைத் தொடவில்லை. இன்றும் இருகூரில் பிரியும் ஒரு பாதை நேராகப் போத்தனூர் போகிறது. இன்னொன்று பீளமேடு, கோவை வடக்கு, கோவை சந்திப்பு என்று சுற்றிக்கொண்டு அதே போத்தனூரில் சேர்கிறது. கோவை வடக்கிலிருந்து மேட்டுப்பாளையம் கிளை தனியே போகும். மாதிரிப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான நில அமைப்பு அமைவது அரிது. ஈரோட்டு முனையையும் போத்தனூருக்கு அப்பாலுள்ள பாலக்காட்டு முனையையும் மேசைக்கு அடியில் இணைத்துவிட்டால் ரயில் நிற்காமல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சரக்கு ரயிலை நேர்வழியிலும் பயணிகள் ரயிலை நகர் வழியிலும் அனுப்பலாம். எஞ்சின் திசை மாறாததால் மின்முனைகள் மோதிக்கொள்ளும் சிக்கலும் வராது.

இன்றைய நிலை

இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய மாதிரி ரயில் அமைப்புகளில் பெயர்பெற்றது பாவுசாகேப் ஜோஷி உருவாக்கி 1998ல் புனேயில் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். விகித மாதிரிகளும் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருவதால், 2020ல் 20லிருந்து 60 விழுக்காடாகவும் 2023ல் 70 ஆகவும் உயர்ந்த இறக்குமதி வரி சேகரிப்பாளரை நேரடியாகத் தாக்கியது. மின்மயமாக்கல் பரவியதால் ஆல்கோ வகை எஞ்சின்கள் படிப்படியாக விலக்கப்பட்டு உடைக்கப்படுகின்றன.

ஓர் எஞ்சின் உடைக்கப்பட்ட பின் அதன் ஏணியின் அகலத்தையும் எண் பலகையின் எழுத்து வடிவத்தையும் அளக்க முடியாது. ஷெட்டுக்கு ஷெட் மாறிய நிறங்களும் அப்படியே. ஈரோட்டிலும் குன்னூரிலும் டீசல் எஞ்சின்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர்களிடம் இருக்கும் புகைப்படங்களும் வரைபடங்களும் மாதிரி செய்பவர்களுக்கு மூலப்பொருள். அவற்றைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட வேண்டாம். ஆர்வமுள்ளவர்கள் ரயில்வேயிடம் முறையாக அனுமதி பெற்று, நிற்கும் எஞ்சின்களை இப்போதே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.