ஏட்டுச் சுரைக்காயும் புத்தகப் பூச்சியும்

உடப்புக் கரையிலே கரைவலை இழுக்கும் வேளையில், கயிற்றைப் பற்றாது புத்தகத்தைப் பற்றியிருக்கும் சிறுவனுக்கு ஒரு பெயர் உடனே கிடைத்துவிடும்: 'புத்தகப் பூச்சி'. இக்கரையோரத்தில் தமிழும் சிங்களமும் அருகருகே வழங்குவதால், சிலாபத்துச் சந்தையில் அவனே 'பொத்குல்லா' ஆவான். 'குல்லா' என்பது தானியத்தைத் துளைக்கும் சிறுவண்டு. ஆங்கிலேயரும் 16ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டே இத்தகையோரைப் புத்தகப் புழு என்றனர். அவ்வழக்கே நம்மிடம் பூச்சியாயிற்றென்று கருத இடமுண்டு.

நமக்கே உரிய வசை 'ஏட்டுச் சுரைக்காய்'. ஓலையில் எழுதிய சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியினின்று பிறந்தது. பழமொழி பயன்படாத கல்வியைக் கடிந்தது. நாமோ கற்பவனையே கடிகின்றோம். தமிழகத்து இதழ்கள் வழியே நாமறிந்த 'அம்மாஞ்சி'யின் கதை வேறு. 'அம்மான் சேய்' என்பதன் மரூஉவாகிய அச்சொல், பிராமணர் இல்லங்களில் தாய்மாமன் மகனைக் குறித்தது. பின்னர் உலகியல் அறியாத அப்பாவியைக் குறிக்கலாயிற்று. மாமன் மகன் என்ன பிழை செய்தானோ!

எல்லாவற்றினும் வியப்புக்குரியது ஆங்கிலத்து 'டன்ஸ்'. இன்று அது மந்தபுத்தியுடையோனைச் சுட்டும். ஆனால் 1308இல் மறைந்த ஜோன் டன்ஸ் ஸ்கொட்டஸ் இடைக்கால ஐரோப்பாவின் நுண்ணறிவு மிக்க தத்துவ ஞானியருள் ஒருவர். 16ஆம் நூற்றாண்டிலே புதிய கல்வியை நாடியோர், அதனை எதிர்த்து நின்ற அவர் வழியினரை அவர் பெயராலேயே எள்ளினர். பேரறிஞரின் பெயர் மூடனின் பெயராயிற்று. 'நேர்ட்' என்பதோ 1950இல் டொக்டர் சூஸ் எழுதிய சிறுவர் நூலில் ஒரு கற்பனை விலங்கின் பெயர். 1951இல் டெட்ரோயிற் நகர இளைஞர் வழக்கில் கலகலப்பற்றவனைக் குறித்தது. படிப்பாளி என்னும் பொருள் பின்னரே ஏறியது.

என் வகுப்பில் நன்கு படித்த மாணவனொருவன், 'பூச்சி' என்னும் கேலிக்கு அஞ்சி ஓராண்டளவும் நூலகத்தை எட்டிப் பாராதிருந்தான். வினவியபோது, "கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு பெயருமில்லை, சேர், படிக்கிறவனுக்குத்தான் பெயர் வைக்கிறார்கள்" என்றான். அவனுக்கு சைமன் காசிச்செட்டியைப் பற்றிக் கூறினேன். 1807இல் கற்பிட்டியிற் பிறந்தவர், 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகராதி முறையில் தொகுத்து வெளியிட்டவர், சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர், சிலாபத்தில் நீதிபதியாயிருந்தவர், 1859இல் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூராக்'கை ஆங்கிலத்தில் தந்தவர்.

"அவருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார்கள், சேர்?" என்றான்.

தெரியாதென்றேன். மறுநாள் இடைவேளையில், அந்நூல் நூலகத்தில் உண்டோ என்று கேட்டு வந்தான்.